புல் நட நிலம் தாருங்கள். புதுத் தீவனத்தைப் பிறகு பேசுவோம்

மலையகத்தில் கால்நடை அபிவிருத்திக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் பெருந்தோட்ட நிருவாகங்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் எங்கள் தோட்டத்தில், மாட்டுத் தீவனத்துக்காக நடும் கோ-3 என்ற கலப்பினப் புல்லைப் பற்றி விளக்க வந்த அதிகாரி ஒருவர், தோட்டத்து மாட்டுக்காரர்கள் புதியது எதையும் இலேசில் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லிச் சென்றார். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோ-3 நல்ல புல்தான். நட்டு இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பும், பிறகு ஆறேழு வாரத்துக்கு ஓர் அறுப்புமாக அது தரும் விளைச்சலை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதை எங்கே நடுவது? நாங்கள் குடியிருக்கும் லயமும் (தோட்டத்து வரிசை வீடும்) அது நிற்கும் மண்ணும் எங்கள் பெயரில் இல்லை. பகல் முழுதும் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்த பெண், அதன்பிறகு சாக்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கரையிலும் ரோட்டோரத்திலும் அட்டைக்கடியோடு புல் தேடுகிறாள். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ பசும்புல் வேண்டும்; களைகொல்லி அடித்த மலையில் அதையும் அறுக்க முடியாது. வெறுமனே கிடக்கும் மூலையில் கேட்காமல் நட்டால், அடுத்து தேயிலை மறுநடுகை செய்யும்போது அத்தனையும் பிடுங்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையில் யார் துணிந்து நடுவார்?

ஒரே மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்தின் கணக்கையும் தயவுசெய்து பாருங்கள். பெரிய பண்ணை சில மாடுகளில் பரீட்சித்துப் பார்த்து, சரிவராவிட்டால் விட்டுவிடலாம். தீவனம் மாறினால் மாட்டின் வயிறு பழக இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை பால் குறைந்தால் எங்கள் வீட்டுச் சாமான் கடன்தான் கூடும். உரம் கேட்கும் புல்லை நம்பியவர்கள், 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது என்ன பாடுபட்டார்கள் என்பதும் நினைவிருக்கிறது. நுவரெலியாக் குளிரில் இந்தப் புல் மந்தமாக வளர்வதையும், உறைபனியில் அதன் இலை கருகுவதையும் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. வயலே இல்லாத எங்களுக்கு யூரியா சேர்த்த வைக்கோலைப் பரிந்துரைப்பவர்கள், அதை ஏற்றிவரும் லொறிக்கூலியைக் கணக்கிட்டார்களா? எங்கள் நிலைமையைக் கேட்காமலே எங்களுக்காகத் திட்டம் வகுக்கும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது நிலம். பயிரிடாத தோட்ட நிலத்தில், மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் புல் நட ஒரு துண்டை, இத்தனை ஆண்டுக்கு யாரும் பிடுங்கமாட்டார்கள் என்ற எழுத்துமூல உறுதியோடு ஒதுக்கித் தாருங்கள். அதன்பின் எங்கள் உயரத்திலேயே, எங்கள் சரிவிலேயே ஒரு மாதிரிப் பாத்தி போட்டு, தமிழில் விளக்குங்கள்.

இரு தரப்பினரும் ஒன்றாக அமர்ந்து பேசி, எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் கறவை மாட்டு விவசாயி