நிலாவைச் சேர்த்த கதை

அன்புள்ள மாலதி,

பதில் எழுதாமல் இவ்வளவு காலம் இழுத்தடித்ததற்கு நேரில் வந்து திட்டு, இப்போது படி. உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். ராஜு புதிதாக யாரைப் பார்த்தாலும் அந்தக் குடைக் கதையை ஆரம்பித்துவிடுகிறான். உன் பெயரும் அதில் தவறாமல் வருகிறது.

நிலாவை அரசுப் பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டோம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே புகைச்சல். மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கனகா தொலைபேசியில், "பணம்தான் பிரச்சினை என்றால் நான் தருகிறேனே" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கட்டணம் இல்லாத இடத்தில் பிள்ளையை விட்டால் அதன் மேல் அக்கறை இல்லை என்றா பொருள்?

இரண்டு வகைப் பள்ளிகளையும் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தோம். தனியார் பள்ளியில் முதலில் காட்டியது நோட்டுப் புத்தகங்களை. மூன்று வயதுப் பிள்ளைகள் வரிவரியாக எழுத்துகளை எழுதி வைத்திருந்தார்கள். கூட வந்திருந்த பெற்றோருக்கு ஒரே பூரிப்பு. விரல்கள் பென்சிலுக்கே பழகாத வயது, மாலதி! வகுப்பில் பிள்ளைகளின் குரலே கேட்கவில்லை. அரசுப் பள்ளியில் சுவரெல்லாம் சுண்ணாம்பு உதிர்கிறது, கழிப்பறை மோசம், ஓர் ஆசிரியைக்குப் பிள்ளைகளும் அதிகம். ஆனால் அந்த ஆசிரியை தரையில் உட்கார்ந்து, ஒரு பையன் சொன்ன எறும்புக் கதையை முழுக்கக் கேட்டார். "அப்புறம் அது எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு, அவன் யோசித்து முடிக்கும் வரை காத்திருந்தார். இந்த வயதில் பேச்சும் சிந்தனையும் அப்படித்தான் வளரும். அதை நோட்டில் காட்ட முடியாது. அதனால்தான் பெற்றோர் கண்ணில் அது படுவதே இல்லை.

எல்லாத் தனியார் பள்ளிகளும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சாந்தி தன் மகனைத் தனியாரில் விட்டதற்குக் காரணம் கடிகாரம். அரசுப் பள்ளி மதியமே மூடிவிடுகிறது. அவளுக்கு வேலை முடிய மாலையாகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாலை வரை திறந்திருந்தால் எத்தனையோ பேர் அரசுப் பள்ளியையே தேடி வருவார்கள்.

கனகா ஓயாமல் மாண்டிசோரி, மாண்டிசோரி என்கிறாளே, பிள்ளைகள் தாமாகச் செய்து கற்கும் அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதல் பள்ளியைத் தொடங்கியது யாருக்காக? பெற்றோர் வேலைக்குப் போனதும் கவனிக்க ஆளின்றி அடுக்குமாடிப் படிகளில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. இன்று அதே பெயர் கட்டணத்தை உயர்த்தப் பயன்படுகிறது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா பகுதியில் நடந்தது இன்னும் பெரிது. 1945இல் போர் முடிந்ததும், ஜெர்மானியர் விட்டுச்சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்றுப் பெற்றோரே பள்ளி கட்டினார்கள். 1963இல் நகராட்சி தன் சொந்தப் பாலர் பள்ளியைத் தொடங்கியது. நாளடைவில் பெற்றோர் கட்டிய பள்ளிகளையும் ஏற்று நடத்தியது. பெற்றோரும் விலகிப் போய்விடவில்லை. உலகெங்கிலுமிருந்து ஆசிரியர்கள் போய்ப் பார்ப்பது அந்த நகராட்சிப் பள்ளிகளைத்தான்.

என் கவலையும் இங்கேதான் இருக்கிறது. வாய் திறந்து கேட்கத் தெரிந்த பெற்றோர் ஒவ்வொருவராகத் தனியார் பக்கம் போய்விடுகிறோம். மிஞ்சுகிறவர்கள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அதிகாரியைப் பார்க்கப் போக முடியாதவர்கள். அப்புறம் அந்தக் கழிப்பறைக்காக யார் பேசுவது? "பார், அரசுப் பள்ளி எப்படிக் கிடக்கிறது" என்று சொல்லிக்கொண்டே விலகிப் போகிறவர்களும் அது அப்படிக் கிடப்பதற்கு ஒரு காரணம். இதைச் சொன்னால், "உன் கொள்கைக்குப் பிள்ளையைப் பலி கொடுக்கிறாயா?" என்கிறார்கள். நிலா எனக்குக் கொள்கையை விடப் பெரியவள். அந்த ஆசிரியையைப் பார்த்திராவிட்டால் நான் சேர்த்திருக்க மாட்டேன்.

உன் வருணுக்கு எந்தப் பள்ளி என்று கேட்டிருந்தாய். தனியாரோ அரசோ, ஒரு காலை முழுவதும் வகுப்பின் ஓரத்தில் உட்கார விடுவார்களா என்று கேள். மறுத்தால் அடுத்த பள்ளிக்குப் போ. அங்கே நோட்டுப் புத்தகத்தைப் பார்க்காதே. அழுகிற பிள்ளையிடம் யார் போகிறார்கள் என்று பார்.

அடுத்த வாரம் கழிப்பறைக்காகப் பெற்றோர் சேர்ந்து மனு கொடுக்கிறோம். மனு எழுதுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. விடுதிச் சாப்பாட்டுக்காக நீ எழுதியதை நான் மறக்கவில்லை. ஒரு நகல் அனுப்புகிறேன், திருத்தி உடனே அனுப்பிவிடு. கனகாவிடம் எதுவும் சொல்லாதே, அவளுக்கு நானே எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தி