பிடிக்காத சாரும் ஓய்வு பெறுகிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 5-ஐ ஒட்டி நீங்கள் வெளியிட்ட ஆசிரியர் தினப் பக்கங்களைப் படித்தேன். பரீட்சைக் கட்டணம் கட்டிய சார், தன் டிபன் டப்பாவை நீட்டிய டீச்சர், மழையில் வீடுவரை கொண்டுவந்து விட்ட மிஸ் என்று வாசகர்கள் உருகியிருக்கிறார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் உதவியாளர். ஓய்வு பெறுகிறவர்களின் பென்ஷன் தாள்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. யாருக்கும் பிடிக்காத ஆசிரியர்களும் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

2025 மே மாதம் ஒருவர் ஓய்வு பெற்றார். கணக்கு ஆசிரியர். 1999-ல் எனக்குப் பத்தாம் வகுப்பு எடுத்தவர். இடமாறுதலில் இந்தப் பள்ளிக்கு வந்து பார்த்தால் அவர் இங்கே இருக்கிறார்! பிள்ளைகள் வைத்த பெயர் 'மைனஸ்'. எங்கள் காலத்திலும் அதே பெயர்தான், யார் கடத்திக்கொண்டு வந்தார்களோ. விடைக்கு அடியில் கோடு போடாவிட்டால் அரை மார்க், அலகு எழுதாவிட்டால் அரை மார்க் என்று கழித்துக்கொண்டே போவார். காம்பஸ் பெட்டி கொண்டுவராத அன்று என்னை எழுப்பி நிறுத்தி, "உங்கப்பாவைப் பீடியைக் குறைக்கச் சொல்லு, பெட்டி வாங்கிரலாம்" என்றார். வகுப்பு சிரித்தது. அப்பா பீடி குடிப்பவர்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அவர் செய்த இன்னொன்று இதைவிடப் பெரிய தப்பு என்பது என் கருத்து. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண் வினா 14, வடிவியலும் வரைபடமும் தலா 8. இந்த முப்பதோடு இரண்டு மதிப்பெண் வினா மூன்று சேர்ந்தால் 36, தேர்ச்சிக்கு 35 போதும். மெல்லக் கற்கும் பிள்ளைகளை எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் கரையேற்றுகிறார்கள். இவர் மாட்டேன் என்றார். "பாஸ் பண்ண வேற ஆளைப் பாருங்க, நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன்" என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்தில் தோற்ற பெண் பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் துணைத்தேர்வுக்கு முன்பே மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆண்டும் தேர்ச்சி விகிதம் குறைந்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் தட்டச்சு செய்தவள் நான். ஒருமுறைகூட எனக்கு மனம் உறுத்தியதில்லை.

ஒரு எட்டாம் வகுப்புப் பையனை அடித்த விஷயத்தில் அவர்மீது அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(அ)-படி நடவடிக்கை வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் உடல் தண்டனையைத் தடை செய்வதும் 17-ஆம் பிரிவுதான், வேடிக்கையான பொருத்தம். ஊதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. தண்டனை நடப்பில் இருந்ததால் அந்த ஆண்டுத் தலைமையாசிரியர் பேனலில், அதாவது பதவி உயர்வுப் பட்டியலில், பெயர் இல்லை. அதன் பிறகும் வரவேயில்லை. தன்னைவிடப் பத்து வயது இளைய தலைமையாசிரியரிடம் தற்செயல் விடுப்புக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டினார். ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆகி, 2021-ல் 60 என்று அறிவிப்பு வந்த அன்று, "இன்னும் நாலு வருஷமா!" என்று ஒரு பையன் வராந்தாவில் கத்தினான். அறைக்குள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலை தூக்கவில்லை.

சரி, பென்ஷன் தாளுக்கு வருகிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் வைக்க வேண்டும். அவர் தன் பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் கொண்டுவந்தார். "சார், அம்மாவோட சேர்ந்து எடுத்தது வேணும்" என்றேன். "கட்டாயமா?" என்றார். "ஆமா சார்." பத்து நாள் ஆளையே காணோம், அதாவது என் மேஜைப் பக்கம். அந்த அம்மா பல வருடமாக மகளோடு வெளியூரில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை என்று அப்புறம்தான் இன்னொரு டீச்சர் சொன்னார்.

பதினோராம் நாள் ஓர் உறையை வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். ஸ்டூடியோவில் ஒட்டுவேலை செய்த படம். அவர் மீது வெளிச்சம் இடப்பக்கமிருந்து, அந்த அம்மா மீது வலப்பக்கமிருந்து. ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்திருக்க வேண்டும், அந்த அம்மாவுக்குக் குறைந்தது பதினைந்து வயது இளமை. தோளுக்குப் பின்னால் வேறு யாருடைய பட்டுப்புடவை ஓரமோ அழியாமல் நின்றது. அரை மார்க்குக்கு அரை நாள் வாதாடும் மனிதர் கொடுத்த படம் இது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தாளோடு இணைத்து அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் செய்தது தப்பாகவே இருக்கலாம். பெயரும் ஊரும் போடாதீர்கள் என்று கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவருடைய பிறந்த நாள் 1.6.1965. நிஜத்தில் ஐப்பசியாம், ஜூன் 1 என்பது பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்டது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் இப்படித்தான். ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தின மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஆக மே 31, சனிக்கிழமை, கோடை விடுமுறை. பள்ளி திறந்தது ஜூன் 2.

அதற்காக மார்ச் கடைசியிலேயே ஒரு பிரிவுபசாரம் வைத்தோம். ஆசிரியர் அறையில் ஒரு சால்வை, மிக்சர், ஜாங்கிரி. தலைமையாசிரியர் 'நேரம் தவறாதவர்' என்று இரண்டு தடவை சொன்னார், மூன்றாவதாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எழுந்து நன்றி சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்புக்குப் புள்ளியியல் திருப்புதல் பாக்கி இருக்கிறது என்று போய்விட்டார். பன்னிரண்டு நிமிடம். அதே பருவத்தில் இதே பள்ளியில் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியருக்குப் பந்தல், பிளக்ஸ், மோதிரம், பிரியாணி, பழைய மாணவர்கள் திறந்த ஜீப்பில் ஊர்வலம். அவர் அதற்குத் தகுதியானவர்தான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் வழியனுப்புவதை வாக்குப்பதிவு மாதிரி ஆக்கிவிட்டோமே என்றுதான் கேட்கிறேன். பிரியாணியும் ஜீப்பும் அவரவர் பிரியப்பட்டுச் செய்வது, இருக்கட்டும். அது போக, பள்ளி தன் பங்குக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒன்றைச் செய்யலாம். மே மாதம் போகிறவர்களைத் தேர்வுகளுக்கு முன் ஒரு நாள் காலை வழிபாட்டில் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, பணிப்பதிவேட்டில் உள்ளதை வாசிக்கலாம். எத்தனை ஆண்டு, எத்தனை பள்ளி, எந்த வகுப்புகள். புகழ வேண்டியதில்லை, கைதட்டக்கூட வேண்டியதில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது. மே 31 அன்று மதியம் அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். இருப்புப் பதிவேட்டைப் பார்த்து அவர் பொருள்களை ஒப்படைத்தார். கரும்பலகைக்கான மரக் கவராயம் ஒன்று, பாகைமானி ஒன்று, மூலைமட்டம் இரண்டு. கவராயத்தின் ஒரு கால் உடைந்து, செப்புக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. "உடைஞ்சதுன்னே எழுதிக்கம்மா, ஆடிட்ல கேப்பாங்க" என்றார். எழுதினேன். "வேற ஏதும் பாக்கி இருக்கா?"

"இல்ல சார்."

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூடித் திறந்துகொண்டு சற்று நேரம் நின்றார். நான் அவரிடம் படித்தவள் என்பது அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது, சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. அவரை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. ஆனாலும் ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்கலாமே என்று எழுந்தேன். பள்ளி லீவு என்பதால் எதிர்க் கடை திறக்கவில்லை. நான் திரும்பி வருவதற்குள் அவர் வண்டியை எடுத்திருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)