அரசனின் கோட்டைகளும் கத்தார்களின் மலையும்

துலூஸ்

அன்புள்ள நண்பா,

நான் ஊரில் இல்லாத சமயத்தில் உன் கடிதம் வந்திருக்கிறது. வீட்டில் சகோதரிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் நிறைந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். பணி ஓய்வு பெற்ற கையோடு நீ சைக்கிள் வாங்கி, விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறாய் என்ற செய்திதான் எனக்குப் பெரிய உற்சாகம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

"கார் எடுத்தால் ஒரு சனி, ஞாயிறில் எல்லாக் கோட்டைகளையும் பார்த்துவிடலாமே, இந்த வயதில் முதுகில் மூட்டையோடு எதற்கு நடக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். பார்த்துவிடலாம்தான். ஆனால் நடந்து போனதால் மட்டுமே எனக்கு விளங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. உனக்கு எழுத வேண்டும் என்று வழியெல்லாம் அதையே அசைபோட்டுக்கொண்டு வந்தேன்.

தென் பிரான்சில் மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் போர்-லா-நூவெல் துறைமுகத்திலிருந்து பிரெனே மலையடிவாரத்து ஃபுவா நகரம் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை செல்கிறது. கத்தார் பாதை என்று பெயர். வளைகுடா நாட்டின் பெயர் இல்லை, பழைய கிறிஸ்தவப் பிரிவு ஒன்றின் பெயர். நான் துஷான் என்ற திராட்சைத் தோட்ட ஊரில் தொடங்கி மோன்செகூர் மலை வரை போனேன். வழிநெடுகப் பாறையிலும் மரத்திலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடுகள் தீட்டியிருக்கிறார்கள். அதே நிறங்களில் பெருக்கல் குறி தென்பட்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பொருள். காலில் குத்தும் குட்டையான ஓக் புதர்களும், மிதித்தால் மணக்கும் தைம் செடிகளும், வெளுத்த சுண்ணாம்புப் பாறைகளும்தான் துணை. இரவில் ஊருக்கு ஊர் நடைப்பயணிகளுக்கான விடுதிகள் இருக்கின்றன. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் சூப் குடித்துவிட்டுப் படுத்தால் அடித்துப்போட்டாற்போல் தூக்கம் வருகிறது.

கத்தார்களைப் பற்றி நாம் பள்ளியில் படித்ததில்லை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சில் பரவியிருந்த கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். இந்தப் பருப்பொருள் உலகம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பினார்கள். இவர்களின் துறவியர் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். பெண்களும் அந்தத் துறவு நிலைக்கு வரலாம். ரோமாபுரித் திருச்சபை இதைப் பொறுக்கவில்லை. போப் மூன்றாம் இன்னசென்ட் அறிவித்த சிலுவைப் போர் 1209இல் தொடங்கி 1229 வரை நீண்டது. கிறிஸ்தவ நாட்டுக்குள்ளேயே கிறிஸ்தவர்கள்மீது தொடுத்த போர்.

இன்று இந்தப் பகுதியில் எந்தச் சாலையில் திரும்பினாலும் 'கத்தார் கோட்டை' என்று சுற்றுலாப் பலகை நிற்கிறது. நானும் அந்த மக்களின் கோட்டைகளைப் பார்க்கத்தான் கிளம்பினேன். பாதி வழியில்தான் அந்தச் சொல் உறுத்த ஆரம்பித்தது.

குகுன்யான் என்ற சிற்றூரிலிருந்து கேரிபுஸ் கோட்டைக்கு ஏறினேன். கடல் மட்டத்திலிருந்து 728 மீட்டர் உயரத்தில், மலை முகட்டின் ஒரு பல்லின்மேல் அது உட்கார்ந்திருக்கிறது. காற்று ஆளைச் சுவரோடு சேர்த்துத் தள்ளியது. உள்ளே ஓர் அறையில் ஒற்றைத் தூண், அதிலிருந்து கிளைகளாக விரிந்து கூரையைத் தாங்கும் கல் வளைவுகள். அத்தனை முரட்டு மதிலுக்குள் அப்படி ஒரு நேர்த்தியை நான் எதிர்பார்க்கவில்லை. மேலே ஏறி நின்றால் தெற்கே மோரி ஊரின் திராட்சைத் தோட்டங்கள், அதற்கப்பால் ரூசியோன் சமவெளி, கனிகூ மலை. வடமேற்கே திரும்பினால், எதிர் முகட்டில் பாறையோடு பாறையாக ஒரு நீண்ட மதில். அதுதான் பெயர்பெர்த்யூஸ், எனக்கு அடுத்த இடம்.

கீழே இறங்கிப் பள்ளத்தாக்கைக் கடந்து துயிலாக் ஊர் வரை நடக்கும்போது, பல இடங்களில் திரும்பிப் பார்த்தால் கேரிபுஸ் தெரிந்தது. முன்னால் பார்த்தால் பெயர்பெர்த்யூஸ் தெரிந்தது. ஒன்றன் கண்ணிலிருந்து தப்பி இன்னொன்றின் கண்ணில் படாமல் அங்கே ஒரு படை நடமாட முடியாது. இரண்டும் தெற்கைப் பார்த்தே காத்திருக்கின்றன. தெற்கே இருந்தது இன்றைய ஸ்பெயின் பக்கத்து அரகோன் அரசு. 1258இல் பிரெஞ்சு அரசன் ஒன்பதாம் லூயியும் அரகோன் அரசன் முதலாம் ஹைமேயும் கோர்பெய் உடன்படிக்கையில் வகுத்துக்கொண்ட எல்லையின் ஓரத்தில்தான் நான் இத்தனை நேரமும் நடந்திருக்கிறேன்! அகிலார், தேர்ம், புயிலோரன்ஸ் ஆகிய மூன்றையும் இவ்விரண்டோடு சேர்த்து, கார்கசோன் என்ற கோட்டை நகரத்தின் பெயரால் 'கார்கசோனின் ஐந்து பிள்ளைகள்' என்பார்கள். எல்லைக் காவலுக்காக அரசன் வளர்த்த பிள்ளைகள். 1659இல் ரூசியோன் பிரான்சோடு சேர்ந்து எல்லை தெற்கே நகர்ந்ததும் இவற்றுக்கு வேலை போய்விட்டது.

கேரிபுஸ் 1255இல் அரசன் கைக்கு வந்தது. அதுவரை கத்தார்கள் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தது உண்மை. ஆனால் இன்று நிற்கும் மதில்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு அரசனின் ஆட்கள் கட்டியது. பெயர்பெர்த்யூஸின் உச்சிக்குப் போகும் படிக்கட்டைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். 'புனித லூயியின் படிக்கட்டு' என்றே அதற்குப் பெயர். புனித லூயி என்பது அதே ஒன்பதாம் லூயிதான். ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம், மறுபக்கம் பாறை. படிகளின் நடுப்பகுதி தேய்ந்து கண்ணாடிபோல் வழுக்குகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி வடம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றிக்கொண்டு ஏறும்போது, தோற்றவர்களின் பெயரை வென்றவர்களின் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபமே வந்தது. காரில் வந்திருந்தால் ஒவ்வொரு கோட்டையையும் தனித்தனிப் படமாகப் பார்த்துவிட்டு, பலகை சொன்னதை நம்பிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

நடுவில் புயிவேர் என்ற ஊரின் கோட்டையைச் சொல்லாமல் விட மனமில்லை. 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோபுரத்தின் மேல் அறையில், கூரை வளைவுகளைத் தாங்கும் கற்களில் எட்டு இசைக் கலைஞர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் பைக்குழல் ஊதுகிறார், ஒருவர் லூட் என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டுகிறார், இன்னொருவர் மடியில் சின்ன ஆர்கன். நீ வயலின் கற்றுக்கொண்ட காலத்தில் வில்லைப் பிடித்த அதே முனைப்பு அந்தக் கல் முகங்களில். வெகுநேரம் அண்ணாந்தே நின்றிருந்தேன்.

மோன்செகூருக்குக் கொமுஸ் ஊரிலிருந்து ஃப்ரோ என்ற ஆழமான மலை இடுக்கு வழியாகப் போனேன். 1,207 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் பாறை மலை அது. 1243 மே மாதம் அரசனின் படை அதைச் சுற்றி வளைத்தது. குளிர்காலத்தில் மலையேறத் தெரிந்த வீரர்கள் சிலர் கிழக்குக் கோடியின் செங்குத்துப் பாறையில் இரவோடு இரவாக ஏறிக் காவல் கோபுரத்தைப் பிடித்தார்கள். அங்கிருந்து கல்லெறி இயந்திரங்களை மெல்ல நகர்த்திவந்து தாக்கினார்கள். 1244 மார்ச் தொடக்கத்தில் கோட்டை பணிந்தது. மதத்தைக் கைவிடுபவர்கள் உயிரோடு போகலாம் என்றார்கள். யோசிக்க இரண்டு வாரம் அவகாசம். அந்த இரண்டு வாரத்தில், போக அனுமதி இருந்தவர்களிலேயே ஏறக்குறைய 20 பேர் புதிதாகத் தீட்சை பெற்று, சாகப்போகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மார்ச் 16ஆம் தேதி 200க்கும் மேற்பட்டோரை மலையடியில் எரித்தார்கள். கீழே புல்வெளியில் 1960இல் நட்ட நினைவுக்கல் இருக்கிறது.

மலையுச்சியில் இப்போது நிற்கும் கோட்டையும் அவர்களுடையது இல்லை. வெற்றிக்குப் பிறகு அந்த நிலத்துக்கு உரிமையான லெவி குடும்பத்தார் கட்டியது. டிக்கெட் வாங்கி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மதிலோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மதிலுக்கு வெளியே வடபுறச் சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் வீட்டு அடித்தளங்களைத்தான் பார்க்க வேண்டும். முழங்கால் உயரச் சுவர்கள், இரண்டு ஆள் கை நீட்டினால் முடிந்துவிடும் அறைகள். அந்த மக்கள் சமைத்ததும் தூங்கியதும் பிரார்த்தித்ததும் இங்கேதான். அங்கே தோண்டி எடுத்த பகடைக்காய்களும் அம்பு முனைகளும் கீழே ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கத்தார்களைத் தேடி வருகிறவர்களை முதலில் இந்தச் சரிவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது என் கட்சி.

இனி உன் சைக்கிள் விஷயம். உன் முழங்காலுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. ஆனால் லுவார் ஆற்றங்கரையில் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது, பெரும்பாலும் சமதளம். ஆன்ஜே நகரில் தொடங்குவோம். அங்கே இதே ஒன்பதாம் லூயி காலத்தில், பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரித்தானிப் பக்கத்து எல்லையைக் காக்கக் கட்டிய கோட்டை 17 கோபுரங்களோடு நிற்கிறது. கருங்கல் நிற அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைக்கல் பட்டைகள். இந்த அரசனின் எல்லைக் கோட்டைகளைத் தெற்கே பார்த்த எனக்கு, மேற்கே அவன் எப்படிக் கட்டினான் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. பிறகு சொமூர், ஷினோன், லான்ழே. ஷினோனில்தான் 1429இல் ழான் தார்க் (நாம் ஜோன் ஆஃப் ஆர்க் என்போமே, அவள்தான்) இளவரசனைச் சந்தித்தாள். சைக்கிளை ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்து இன்னோர் ஊரில் விடலாம், ரயிலிலும் ஏற்றலாம்.

மே மாதம் வா. விசாவுக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடு, அழைப்புக் கடிதத்தை நான் அனுப்புகிறேன். அதுவரை நாள்தோறும் ஓட்டும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வா. சகோதரிக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று எனக்கு நினைவு. கண் மருத்துவர் சம்மதித்தால் அவரையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்