உனக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் அப்பாவும் தம்பியும் நலம். மெல்பர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி, ஆளுக்கொரு பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாய். அடுத்த முறை நீ பேசவேண்டும், "நல்ல தமிழ்ப் புத்தகமா ஒண்ணு சொல்லுங்கம்மா, சின்னதா இருக்கட்டும்" என்று கேட்டாய். வாட்ஸ்அப்பில் ஒரு பெயரைத் தட்டி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. ஒரு புத்தகத்தின் பெயரை மட்டும் சொன்னால் அது கடைக்காரர் சொல்வது மாதிரி ஆகிவிடும். அது எனக்கு எப்படி வந்தது, எந்த இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அம்மா சொன்னதாக ஆகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெரிய புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். இது உன் கூட்டத்துக்கு இல்லை, பிற்பாடு நீ கட்டாயம் படிக்கவேண்டியது. ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி'. நம் வீட்டு அலமாரியில் முதுகு கிழிந்து, செலோடேப் ஒட்டி இருக்குமே, அதுதான்.

தாத்தா ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் பார்த்தால் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். அவருடைய அண்ணன் ஜொகூர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பி வரவில்லை. இதைக்கூட எனக்குப் பாட்டிதான் சொன்னார். பள்ளியில் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, 1945இல் ஜப்பான் சரணடைந்தது என்று படித்தோம். பிரிட்டிஷ் தளபதி பெயர், ஜப்பான் தளபதி பெயர் எல்லாம் மனப்பாடம். நடுவில் இந்த ஊரில் ஒரு தமிழ்ப் பையன் என்ன சாப்பிட்டான், எதற்குப் பயந்தான், யாரை நம்பினான் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

சிங்காரத்தின் நாவல் சுமத்ராத் தீவிலுள்ள மேடான் நகரத்துக்குள் ஜப்பான் படை நுழைவதில் தொடங்குகிறது. செட்டியார் வட்டிக்கடையில் வேலை பார்க்க வந்த பாண்டியன் என்ற இளைஞன்தான் கதையின் நாயகன். அவன் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போகும்போது நடுக்கடலில் புயல் அடிக்கும். அந்தப் பக்கங்களை எம்ஆர்டி ரயிலில் படித்துக்கொண்டே வந்து, இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அப்புறம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் வருகிறது. நேதாஜி 1943 அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது இங்கே, நம் கேத்தே கட்டடத்தில்தான். நீயும் உன் தோழிகளும் படம் பார்க்கப் போன அதே இடம். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் ஆட்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

தாத்தா ஏன் பேசவில்லை என்பது இந்தப் புத்தகத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் உயிரோடிருப்பதற்கே ஒருவன் எத்தனை முகம் காட்டவேண்டியிருந்தது என்பதை சிங்காரம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வீரமும் உண்டு, அசிங்கமும் உண்டு, நடுநடுவே மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்குவதும் உண்டு. படித்து முடித்ததும் தாத்தாவிடம் போய்க் கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்காரத்தான் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் மௌனத்தின்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிங்காரம் இளவயதில் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர், போர் முடிந்து ஊர் திரும்பி மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை செய்தார். எழுதியது இரண்டே நாவல். இந்த நாவல் 1972இல் வெளிவந்தபோது பெரிய பேச்சு எதுவும் இல்லை. படித்த ஒருவர் இன்னொருவரிடம் "இதைப் படிச்சியா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் இன்றைக்குத் தமிழின் முக்கியமான நாவல்களில் ஒன்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த ஒரு மூத்த தாதி, "உங்க அப்பா சண்டைக் காலத்து ஆளா? அப்போ இதைப் படி" என்று கையில் வைத்தார். என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதற்கேற்ற புத்தகத்தைக் கொடுத்தார் பார், அதை நான் மறக்கவே மாட்டேன். புத்தகம் கொடுப்பதென்றால் அப்படிக் கொடுக்கவேண்டும், ஆளைப் பார்த்து.

இதே போல ஒரு கேள்வி தமிழுக்கே எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்பதை உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'என் சரித்திர'த்தில் படிக்கலாம். 1880ஆம் ஆண்டு. அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். ஐயர் அவரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ் என்று வரிசையாகச் சொல்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்காகப் பாடம் கேட்டவர் அல்லவா, பட்டியல் நீளம். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சரி, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அவ்வளவு படித்த மனிதர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்.

அங்கிருந்துதான் எல்லாம் புறப்பட்டது. ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அப்புறம் பத்துப்பாட்டு, புறநானூறு, மணிமேகலை என்று எத்தனையோ பதிப்புகள். நீ தொடக்கக் கல்லூரியில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று மேடையில் சொன்னாயே, அந்தப் பாட்டு இருக்கும் புறநானூறு 1894இல் அவர் பதிப்பித்தது. ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம், "அதெல்லாம் சரி, இதைப் படித்தீர்களா?" என்று கேட்டதில் வந்த பலன் இவ்வளவு. சிந்தாமணி அச்சான அதே 1887இல்தான் இங்கே மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வருஷத்தில் தமிழ் அச்சில் ஏறிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

'என் சரித்திரம்' பெரிய புத்தகம். ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் காலமானதால் பாதியிலேயே நின்றுவிட்டது. முழுசாக இப்போது படிக்கவேண்டாம். அவர் பையனாக இருந்தபோது நல்ல ஆசிரியர் கிடைக்கவேண்டும் என்று அப்பாவும் பிள்ளையும் ஊர் ஊராக அலைவார்களே, அந்தப் பகுதியை மட்டும் எப்போதாவது படி. பணம் இல்லாத வீட்டில் படிப்புக்காக ஒரு தகப்பன் என்னவெல்லாம் செய்வான் என்பது அதில் இருக்கிறது.

அப்பாவிடம் கேட்டால் 'பொன்னியின் செல்வன்' என்றுதான் சொல்வார். இதை எழுதும்போதே பின்னால் வந்து நின்று, "வந்தியத்தேவனைச் சொல்லு" என்கிறார். அவர் வீட்டில் கல்கி இதழிலிருந்து தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள், அவருடைய அம்மாவும் அத்தைகளும் முறை வைத்துப் படித்தார்களாம். எனக்கு அந்த நாவல்மேல் அவ்வளவு பற்று இல்லை. ஆனால் ஒரு புத்தகத்தை ஒரு குடும்பமே சேர்ந்து படித்தது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதைப் பற்றி அப்பாவிடமே கேள், ஆர்வமாகச் சொல்வார்.

சரி, உன் கூட்டத்துக்கு வருகிறேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' என்ற நாவலை எடுத்துக்கொள். சின்னப் புத்தகம். எளிய தமிழ், நீளமான வாக்கியம் கிடையாது. தமிழ் படிக்கும்போது வேகம் வரமாட்டேன் என்கிறது என்று நீ வருத்தப்படுகிறாய். இந்தப் புத்தகத்தை நிதானமாகத்தான் படிக்கவேண்டும், அதனால் அது ஒரு குறையே இல்லை. நாளுக்கு நாலு பக்கம் படி, போதும்.

சென்னையில் குழாயில் தண்ணீர் வராத ஒரு காலம். ஒரு வீட்டில் ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை. ஜமுனா சினிமாவில் நடிக்கலாம் என்ற ஆசையில் ஒருவனை நம்பிக் கெட்டுப்போனதாக ஊர் பேசும் பெண். சாயா வேலைக்குப் போகிறவள், கணவன் ராணுவத்தில். தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. அவ்வளவுதான் கதை. ஆசிரியர் எங்கேயும் குரலை உயர்த்தமாட்டார், யாரையும் திட்டமாட்டார். ஆனால் படித்து முடிக்கும்போது அந்தத் தெருவில் நாமும் இருந்தது போல இருக்கும்.

அதில் ஒரு டீச்சரம்மா வருகிறார். ஜமுனா வாழ்க்கை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்ட ஒரு நேரத்தில் அவர் வந்து பேசுவார். ஆறுதல் சொல்கிறேன் என்று அழகான வார்த்தை எதுவும் பேசமாட்டார். தன் வாழ்க்கையைச் சொல்வார், தன் கல்யாணத்தைச் சொல்வார், நேராகக் கேள்வி கேட்பார். நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில் அதைப் படித்தேன். உயிரை விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டுப் படுக்கையில் கிடக்கும் பெண்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நேரம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் என் வாயிலிருந்து ஒட்டாமல் வரும். டீச்சரம்மாவைப் படித்த பிறகு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவும், அவர்களைப் பேசவிட்டுக் கேட்கவும், கேட்டால் என் கதையையும் ஒளிக்காமல் சொல்லவும் எனக்குத் துணிச்சல் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கங்கள் என்னோடு வார்டுக்கு வந்தன.

தண்ணீர்ப் பஞ்சம் நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று நினைக்காதே. 1963 ஏப்ரலிலிருந்து அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை சிங்கப்பூரிலும் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. நான் கைக்குழந்தை. பாட்டி வாளிகளை வரிசையாக நிரப்பி வைத்ததைக் கதை கதையாகச் சொல்வார். உன் கூட்டத்தில் இருக்கும் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல அவரவர் வீட்டுத் தண்ணீர்க் கதை நிச்சயம் இருக்கும். நீ பாட்டி கதையைச் சொல்லி ஆரம்பி, அவர்களும் பேசுவார்கள்.

பேசும்போது கதைச் சுருக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. ஆசிரியர் எப்போது பிறந்தார், என்ன விருது வாங்கினார் என்பதும் வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நீ எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாய், எந்த ஆளைப் பிடிக்கவில்லை, எங்கே புரியவில்லை என்று சொல். இங்கே ஆங் மோ கியோ நூலகத்தில் வாசகர் வட்டத்துக்குப் போகிறபோது நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் விமர்சனக் கட்டுரை மாதிரி பேசினால் எல்லாரும் மரியாதையாகக் கேட்பார்கள். "இந்தப் பக்கத்தில் எனக்கு அழுகை வந்தது" என்று ஒருவர் சொன்னால், கூட்டம் முடிந்ததும் அந்தப் புத்தகம் தமிழ் அடுக்கில் இருக்காது, யாராவது இரவல் எடுத்துப் போயிருப்பார்கள்.

இங்கே தமிழ்ப் புத்தகக் கடை கொஞ்சம். நம் கடைகள் இருக்கும் தேக்கா பக்கம் போனாலும் கேட்ட புத்தகம் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. நம் எழுத்தாளர்களுடைய நூல்கள் பல, நூற்றுக்கணக்கில் அச்சடித்துத் தெரிந்தவர் கைக்குப் போவதோடு சரி. 2015இல், நாட்டின் 50 ஆண்டை ஒட்டி, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்கள் ஒன்றுகூடி மின்வடிவமாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் கொடுத்தார்கள். நல்ல காரியம், நிலைத்து நிற்கும். ஆனாலும் அதைத் திற, இந்தக் கதையைப் படி என்று யாராவது ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லவேண்டுமே. அந்த வேலையைத்தான் உங்கள் கூட்டம் அங்கே செய்கிறது. மெல்பர்னில் பிறந்த பிள்ளைகளும் வருவார்கள் என்றால் அவர்களையும் பேசவிடுங்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினாலும் பரவாயில்லை. அடுத்த முறைக்கு உள்ளூர்க் கதை வேண்டுமென்றால் சொல், சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் வாங்கிய எழுத்தாளர் ராம. கண்ணபிரானின் சிறுகதைகளிலிருந்து உனக்கு ஏற்றதை எடுத்து வைக்கிறேன்.

தம்பியின் நண்பன் இந்த மாதக் கடைசியில் மெல்பர்ன் வருகிறான். அவனிடம் 'தண்ணீர்' கொடுத்துவிடுகிறேன், கூடவே கொஞ்சம் மிளகாய்த்தூளும். என்னுடைய பிரதிதான், ஓரங்களில் பென்சிலால் கோடு போட்டிருப்பேன். நீயும் தாராளமாகக் கோடு போடு, வேறு நிறத்தில் போடு. உன் கூட்டத்தில் யாராவது கேட்டால் கொடுத்துவிடு, திரும்பி வரவேண்டும் என்று இல்லை.

படித்து முடித்ததும் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு. சாயா கோபித்துக்கொண்டு அக்காவைத் தனியாக விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். அது சரியா? அப்பா சரி என்கிறார், நான் இல்லை என்கிறேன். எங்களுக்குள் இது இன்னும் தீரவில்லை, நீ எந்தப் பக்கம் என்று தெரியவேண்டும்.

அன்புடன்,
அம்மா