பழைய பக்கிக்குக் கண்ணாடி ரப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பன் மழையில் ஒழுகும் பழைய பக்கிகளின் (பிக்கப் வண்டிகளின்) கதவுக் கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைக்காதீர்கள். கண்ணாடி இரண்டு முறை ஏறி இறங்கினால் பிய்ந்துவிடும்.

கதவுச் சட்டத்துக்கு ஈபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர் பட்டை வாங்குங்கள்; சாதாரண ஸ்பாஞ்சு நீரை உறிஞ்சும். கண்ணாடி உரசும் இடத்துக்கு வெல்வெட் முகமுள்ள பட்டைதான் சரி, வெறும் ரப்பர் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும்.

பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, காண்டாக்ட் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். ரப்பரை இழுத்து ஒட்டவே கூடாது. இழுத்தது பிறகு சுருங்கி, மூலையில் வாய் பிளக்கும். மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி அமுக்குங்கள். கிரீஸ் பட்டால் ஈபிடிஎம் ஊதிவிடும்.

கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைத் தயவுசெய்து திறந்தே வையுங்கள். எந்த ரப்பரையும் தாண்டிக் கொஞ்சம் நீர் உள்ளே இறங்கும். அது தேங்கினால், இந்த உப்புக்காற்றில் தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

வாசகர்கள்,
சாட்ஸ்வர்த்