கருமந்திகளிடம் மாறி வந்திருக்கிறேன்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. லட்சுமி கிடாரிக்கன்று போட்டிருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது.

இங்கே வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் எனக்கும் ஒரு மாற்றம். இத்தனை வருடமாகச் சிங்கவால் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை நீலகிரிக் கருமந்திகளிடம் மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்பவை, இரண்டும் கறுப்பு. ஆனால் வயிறு வேறு. சிங்கவால் குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு; பழத்தைக் கண்டால் அதில் அடக்கிக்கொண்டு தள்ளிப்போய்த் தின்னும். கருமந்திக்கு அந்தப் பை இல்லை. அதற்கு முக்கிய உணவு இலை. வயிறு அறை அறையாகப் பிரிந்திருக்கிறது, அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான் இலையை நொதிக்க வைத்துச் செரிக்க உதவுகின்றன. கிட்டத்தட்ட உன் லட்சுமியின் வயிறுதான்.

டாக்டர் இதை விளக்கியபோது எனக்கு உங்கள் அப்பா ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை யாரோ மாட்டுக்கு அள்ளி வைத்து, அதன் வயிறு உப்பி, விடியும்வரை அவர் கூடவே நின்றாரே! கருமந்திக்கும் இனிப்பும் மாவும் திடீரென்று கூடினால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். பார்க்க வருபவர்கள் ஆசையாகத்தான் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வீசுகிறார்கள். வேலி ஓரம் நின்று ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொல்கிறேன். குழந்தைகள் உடனே கேட்டுக்கொள்கிறார்கள், பெரியவர்களிடம்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

காலையில் முதல் வேலை சாணம் பார்ப்பது. இளகியிருந்தால் டாக்டருக்குச் சொல்லிவிடுவேன். அப்புறம் அவை உட்காரும் விதம். சிங்கவால் குரங்கு வெகுநேரம் அசையாமல் இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். கருமந்தியோ தின்ற பிறகு அப்படித்தான் இருக்கும், செரிக்க நேரம் வேண்டுமே. எது ஓய்வு, எது சுகவீனம் என்று பிரித்தறிய என் கண் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. பெண்ணை அடையாளம் காண்பது சுலபம், தொடையின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கும். குட்டி பிறக்கும்போது செம்பழுப்பு நிறம், கறுப்பு பிறகுதான் வரும்.

நம் ஊர்ச் சந்தையில் கருங்குரங்கு லேகியம் விற்பானே, நினைவிருக்கிறதா? அந்தக் கருங்குரங்கு இதுதான். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. இருந்தாலும், இலை தின்று மரத்தில் கிடக்கும் பிராணியை இல்லாத மருந்துக்காகக் கொன்றார்களே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். மாட்டுக்குப் புதுத் தீவனம் பழக்கும்போது பழையதோடு எவ்வளவு கலப்பாய்? எதைப் பார்த்து மறுநாள் அளவைக் கூட்டுவாய்? இங்கேயும் புது இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறோம். உன் அனுபவத்தை விவரமாக எழுது, டாக்டரிடம் காட்டுகிறேன். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் கன்றைப் பார்க்க வந்துவிடுவேன்.

அன்புடன்,
செல்வராஜ்