அப்பாவின் இதயத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவியில்) இருந்த எங்கள் அப்பா இப்போது திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். தலையங்கத்தைத் திட்டவும் தொடங்கிவிட்டார். அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்வதற்காக இந்த மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே, செய்த வேலையைச் சொல்லியே ஒவ்வொருவரையும் குறிப்பிடுகிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அப்பாவின் நிமோனியா சீக்கிரமே ஆறிவிட்டது. காய்ச்சல் விட்டது, எக்ஸ்ரே தெளிந்தது, கண் விழித்து எங்கள் கையை இறுகப் பிடித்தார். ஆனால் கருவியிலிருந்து மட்டும் பிரிக்க முடியவில்லை. தானாக மூச்சுவிடுகிறாரா என்று சோதிக்கும்போதெல்லாம் முதல் சில நிமிடங்கள் நன்றாகத்தான் இருப்பார். பிறகு நெற்றி வியர்க்கும், இரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டும், ஆக்சிஜன் அளவு சரியும். மறுபடியும் கருவிதான். நுரையீரலில் பலமில்லை, தொண்டையில் துளை போட்டுவிடலாம் என்று முதலில் சேர்த்திருந்த இடத்தில் சொன்னார்கள். இதயம் எப்படி என்று கேட்டால், எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, “பம்பிங் 60 சதவீதம், நார்மல்” என்றார்கள். எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் கருவி அவருக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த ரிப்போர்ட் அது.

முதல் நன்றி, இரண்டாவது மருத்துவமனையின் ஐசியுவில் இரவுப் பணியில் இருந்த பட்டமேற்படிப்பு மாணவிக்கு. என் தங்கை வயதுதான் இருக்கும். பழைய ரிப்போர்ட்டை முழுக்கப் படித்துவிட்டு, “படுத்திருக்கும்போது நார்மல். உழைக்கும்போது எப்படி என்று யாராவது பார்த்தார்களா?” என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை தன் பேராசிரியரிடம் பேசி, மூச்சுச் சோதனை நடக்கும்போதே எக்கோ எடுக்க ஏற்பாடு செய்தார்.

அடுத்த நன்றி, புறநோயாளிகள் கூட்டத்தை விட்டுவிட்டு எக்கோ கருவியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்த இதய மருத்துவருக்கு. வென்டிலேட்டர் உதவியைக் குறைத்து, கருவியின் துணையில்லாமல் மூச்சுவிட வைக்கும் டி-பீஸ் குழாயை மாட்டி, அரை மணி நேரம் அப்பாவின் மார்பிலிருந்து எக்கோ கருவியை எடுக்காமல் நின்றார். அவர் கண்டது இதுதான்: அப்பாவின் இதயம் சுருங்குவதில் குறையில்லை. பல வருடத்து ரத்தக் கொதிப்பில் இடப்பக்க அறையின் சுவர் தடித்துப்போய், விரிந்து கொடுக்க மறுக்கிறது. உழைப்பு கூடியதும் அறைக்குள் அழுத்தம் ஏறி, இரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோக்கிறது. நெஞ்சின் பக்கவாட்டில் ஸ்கேன் செய்தபோது, சற்றுமுன் இல்லாத நீர்க்கோடுகள் திரையில் தெரிந்தன.

அம்மாவிடம் அவர் சொன்ன விளக்கத்துக்குத் தனியாக ஒரு நன்றி. அம்மா வயல்வேலை செய்தவர் என்று தெரிந்துகொண்டு, மடைப்பலகையை வைத்துச் சொன்னார். கருவி காற்றை உள்ளே தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும். அது பலகை மாதிரி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் கொஞ்சம் மறித்து வைக்கும். தானாக மூச்சிழுத்தால் பலகை தூக்கப்பட்ட மாதிரி, இரத்தம் ஒரேயடியாகப் பாயும். வயல் அதை வாங்கிக்கொள்ளாவிட்டால்? “வரப்பு உடையும்” என்றார் அம்மா. டாக்டர் சிரித்துவிட்டார். இதோடு இன்னொன்றும் உண்டு என்றார். கருவி நெஞ்சில் ஏற்றிவைக்கும் அழுத்தம், இரத்தத்தை வெளியே தள்ளும் இதயத்துக்கும் ஓர் ஒத்தாசை. கருவியை எடுத்ததும் அதுவும் போய்விடும். மூச்சுத் தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும், பதற்றத்தில் இரத்த அழுத்தமும் ஏறும். எல்லாச் சுமையும் ஒரே நேரத்தில் இதயத்தின் தலையில் விழுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பிரான்ஸில் பிரான்சுவா லெமேர் தலைமையிலான குழு 1988-லேயே இதை எழுதியிருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் நோயோடு இதயநோயும் இருந்த 15 பேரைக் கருவியிலிருந்து விலக்கியபோது, இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தைக் காட்டும் அளவு சராசரியாக 8-லிருந்து 25 மில்லிமீட்டர் பாதரசத்துக்குத் தாவியது. சிறுநீர் பிரிக்கும் மருந்து கொடுத்து எடை சுமார் 5 கிலோ குறைந்த பிறகு, அவர்களில் 9 பேர் கருவியை விட்டு மீண்டார்கள். அந்தக் கட்டுரையைத் தன் போனில் எடுத்துக் காட்டியவர் அதே மாணவிதான். முதலில் பார்த்த இடத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இது நன்றி மடல்.

சிகிச்சை என்று பார்த்தால் பிரமாதமாக ஒன்றுமில்லை. சிறுநீர் பிரிக்கும் லாசிக்ஸ் ஊசி, குறைந்த சலைன், ரத்தக் கொதிப்புக்கு மருந்து, சோதனையின்போது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் சொட்டு. அதை ஒழுங்காக நடத்தியதில்தான் எல்லாம் இருந்தது. உள்ளே போனது எத்தனை மில்லி, வெளியே வந்தது எத்தனை மில்லி என்று மணிக்கு மணி எழுதிய சிஸ்டர்களே, உங்கள் அந்த அட்டவணைதான் அப்பாவைக் காப்பாற்றியது என்று இதய மருத்துவரே சொன்னார். மருந்தினால் பொட்டாசியம் இறங்கிவிடக் கூடாது என்று, நள்ளிரவிலும் முடிவைப் போனில் கூப்பிட்டுச் சொன்ன பரிசோதனைக்கூடத் தம்பிக்கும் நன்றி.

டியூப் எடுத்த அன்று மாலையே, இதயத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று காற்றை அழுத்தத்தோடு தரும் பைபாப் மாஸ்க்கை முகத்தில் மாட்டினார்கள். அப்பா அதைப் பிடுங்கி எறிந்தார். திட்டினார். டியூப் போட்டிருந்த தொண்டையில் குரல் சரியாக வராததால் பாதி வசவு காற்றாகப் போனது. மீதியைக் காதில் வாங்கிக்கொண்டே, இரவெல்லாம் மாஸ்க்கைப் பிடித்தபடி அவரோடு பேசிக்கொண்டிருந்த சிஸ்டர் அக்கா, அந்த வார்த்தைகளுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஒன்றும் நினைவில்லையாம். நம்பும்படியாக இல்லை.

படுக்கையிலேயே கால்களை மடக்கி நீட்டவைத்து, பிறகு நாற்காலியில் உட்காரவைத்த பிசியோதெரபிஸ்டுக்கும், “தாத்தா, இன்னிக்கு முகம் தெளிஞ்சிருக்கு” என்று தினமும் சொல்லிக்கொண்டே விரிப்பு மாற்றிய ஆயாம்மாவுக்கும், வென்டிலேட்டரோடு அவரை இடம் மாற்றிய 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் ரேஷன் கார்டு நகலுக்காக எங்களை அலையவிடாமல் தாமே எடுத்துத் தந்த அலுவலருக்கும் நன்றி.

உணவு ஆலோசகருக்கும் நன்றி, அம்மாவின் மனத்தாங்கலோடு. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் வீட்டில் நின்றுவிட்டன. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஏறவில்லை.

கடைசியாக, பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, பட்டுக்கோட்டைக்காரர். ஐசியு வாசலில் அம்மாவுக்குப் படுக்கப் பாய் கொடுத்தவர். கணவர் வார்டுக்கு மாறியதும் சொல்லாமலே போய்விட்டார். அக்கா, உங்கள் எண் எங்களிடம் இல்லை. இதைப் படித்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள். பாய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
மகள், அம்மா, தம்பி மற்றும் குடும்பத்தார்